பாய் தொடாத வாளி

அது ஒரு தகர வாளி. கைப்பிடியில் இருந்த மரக்கட்டை எப்போதோ போய்விட்டது, பதிலுக்குக் கயிறு சுற்றியிருந்தேன். அடியில் ஒரு பக்கம் நசுங்கல், குளம்பு பட்ட நசுங்கல். முப்பது வருஷமாகக் காப்பிப் பழம் பறிக்க அதைத்தான் எடுத்துப் போனேன். என்னோடு ஒரு காலத்தில் வேலை பார்த்த பாய் ஏற்காட்டுக்கு வந்த பிறகு, மாரமங்கலத்தில் எங்கள் தோட்டத்துக்கு அவர் வராத அறுவடை கிடையாது. ஏற்காட்டிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்குவார். கூடை தூக்குவார், சாக்கு தூக்குவார், ஏணியைக் கூடத் தூக்குவார். அந்த வாளியை மட்டும் தொட மாட்டார். "அதை இந்தப் பக்கம் நகர்த்துங்க பாய்" என்றால் காதில் விழாத மாதிரி அடுத்த செடிக்குப் போய்விடுவார். சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். அப்படி நினைத்த என்மேல் இப்போது கோபம். காரணத்தைச் சொல்லாமல் அத்தனை வருஷம் வந்து போன அவர்மேலும் கோபம். எது பெரிசு என்று தெரியவில்லை.

பாய் சேலத்துக்காரர், நான் மலைக்காரன். இரண்டு பேரும் ஒன்றாக வேலை பார்த்தது கீழே, ஒரு பெரிய ஊரில், பந்தயக் குதிரை லாயத்தில். ஊர்ப் பெயர் வேண்டாம். தப்பு ஊருடையது இல்லை. ஆளுக்கு ஒரு குதிரை. தேய்த்துவிடுவது, தீனி வைப்பது, காலுக்குத் துணி சுற்றுவது, ரேஸ் முடிந்து வந்தால் வேர்வை காயும்வரை நடத்துவது, எல்லாம் நாங்கள்தான். ஓட்டுவது ஜாக்கி. கோப்பை வாங்குவது முதலாளி. குதிரை திரும்பிப் பார்த்துத் தேடுவது எங்களைத்தான். புத்தகத்தில் அவற்றுக்கு நீளமான இங்கிலீஷ் பெயர் இருக்கும். நான் ஐந்தாவது வரை படித்தவன், அந்தப் பெயர் வாயில் நுழையாது. நாங்களாகவே ஒரு பெயர் வைத்துக்கொள்வோம். என்னுடையது கருப்பி, பெட்டைக் குதிரை. அடுத்த அறையில் பாயின் செங்கல். சுட்ட செங்கல் நிறம். பிடிவாதமும் அதே கெட்டி.

பெரிய குதிரைகள் நிறையப் பார்த்தோம். வெள்ளைக் கிழவன் என்று ஒன்று. ஒன்பது வயதிலும் ஜெயித்தது. கிளம்புகிற கதவுக்குள் நின்றபடியே கண்ணை மூடித் தூங்கும், கதவு திறக்கிற சத்தத்துக்கு முதல் ஆளாக வெளியே இருக்கும். ஒத்தைக்கண்ணி என்று ஒரு பெட்டை. குருட்டுப் பக்கம் எத்தனை குதிரை நெருக்கினாலும் அதற்குத் தெரியாது, அதனால் பயமும் கிடையாது. வேலி ஓரமாகவே உரசிக்கொண்டு போய் ஜெயித்துவிடும். மழைக்காரன் என்று ஒன்று. வெயிலில் கழுதை. நாலு தூறல் விழுந்து மண் நனைந்துவிட்டால் அதைப் பிடிக்க ஆள் கிடையாது. இவை எல்லாவற்றையும் பற்றிப் பாயும் நானும் ஒத்துப்போவோம். கருப்பியா செங்கலா என்று வந்தால் மட்டும் ஒத்துப்போக மாட்டோம்.

இரண்டும் முதலில் மோதியபோது கருப்பி ஒரு கழுத்து வித்தியாசத்தில் ஜெயித்தாள். அவள் என்றுதான் எனக்கு எழுத வருகிறது. இரண்டாவது தடவை செங்கல், ஒரு குதிரை நீளம். மூன்றாவது ரேஸுக்கு ஒரு மாதம் இருந்தது. அந்த ஒரு மாதமும் லாயத்தில் வேறு பேச்சு இல்லை. சமையல்காரர் வரைக்கும் இரண்டு கட்சி. பாய் தினமும் என் கதவில் சாய்ந்துகொண்டு, "ஏனுங்க மலைக்காரரே, உங்க பொண்ணு அன்னிக்கு வருமா, இல்ல தலைவலிம்பாளா?" என்பார். நான், "செங்கலைக் கொண்டு போய்ச் செவுத்துல வச்சுப் பூசுங்க பாய். அதுக்குத்தான் ஆகும்" என்பேன். சிரிப்போம். அப்போது அது சிரிப்புத்தான்.

அந்த நாள் விடிந்ததும் வழக்கம் போல கால் துணியை அவிழ்த்துப் புறங்கையை வைத்தேன். குதிரைக் காலை உள்ளங்கையால் பார்க்கக் கூடாது, புறங்கைதான் பொய் சொல்லாது. இடது முன்னங்காலில், பின்பக்க நரம்பில், சூடு. கொஞ்சம்தான். ஆனால் சூடு சூடுதான். டிரெய்னரிடம் சொல்ல வேண்டும், அதுதான் வேலை. சொன்னால் அன்று கருப்பி ஓட மாட்டாள். ஓடாவிட்டால், செங்கலுக்குப் பயந்து ஒதுங்கினாள் என்பார்கள். பாய் என் கதவில் வந்து சாய்வார். அதை நினைத்துப் பார்த்தேன். சொல்லவில்லை.

தெருமுனை சோடாக் கடையில் ஐஸ் வாங்கி அந்த வாளியில் போட்டுக் கொண்டுவந்தேன். காலை அதில் நிற்க வைத்தேன். ரேஸுக்கு முன்னால் காலைத் தடவிப் பார்க்கக் குதிரை டாக்டர் வருவார், ஒரு கால் மட்டும் சில்லென்று இருந்தால் கேட்பார். அதனால் இரண்டு முன்னங்காலையும் மாற்றி மாற்றி வைத்தேன். பிறகு வைக்கோலால் தேய்த்து இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கினேன். கருப்பி ஒரு தடவை காலை உதறினாள், அதுதான் வாளியில் இருக்கிற நசுங்கல். மற்றபடி நான் சொன்னபடி நின்றாள். டாக்டர் வந்தார், இரண்டு காலையும் தடவினார், தலையாட்டினார், போனார். நல்ல மனிதர். அவர் கையை ஏமாற்றியது நான்.

கடைசி இரண்டு பர்லாங் இருக்கும்போது கருப்பி முன்னால் வந்துகொண்டிருந்தாள். செங்கல் பின்னால் வந்தது. அவள் தலை ஒரு தரம் கீழே போய் மேலே வந்தது. மறுபடி போனது. அவ்வளவுதான். ஜாக்கி குதித்து இறங்கிவிட்டார். நான் வேலியைத் தாண்டி ஓடினேன். அவள் மூன்று காலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்ததும் கனைத்தாள். பசிக்கும்போது கனைப்பாளே, அதே கனைப்பு. கால் உடைந்த பந்தயக் குதிரைக்குக் கடைசி ஊசிதான். யாரும் பார்க்காதபடி சுற்றித் துணி பிடித்தார்கள். டாக்டர் பெட்டியைத் திறந்தபடியே, "காலையில நல்லாத்தானய்யா இருந்துச்சு?" என்று கேட்டார். "ஆமாங்க சார்" என்றேன். கயிறு என் கையில் இருந்தது. அவள் விழுகிறவரைக்கும் பிடித்திருந்தேன்.

அந்த வருஷமே மலைக்கு வந்துவிட்டேன். வாளியையும் கொண்டுவந்தேன். சில வருஷம் கழித்துப் பாயும் வேலையை விட்டு ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கம் கடை போட்டார். மிளகு, ஏலக்காய், காப்பித்தூள். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு படம். செங்கல் முடிவுக் கோட்டைத் தாண்டுகிறது. பின்னால் ஒருவரும் இல்லை, வெறும் புல். அது அந்த மூன்றாவது ரேஸ்.

வாரச் சாமான் வாங்கப் போனால் அந்தக் கடையில் ஒரு மணி நேரம் இருப்பேன். பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்கும். ஒரு தடவை, சுற்றுலா வந்த ஒரு பையன் செல்போனை நீட்டி, உலகத்திலேயே பெரிய குதிரை இதுதான் என்று ஏதோ வெளிநாட்டுக் குதிரையைக் காட்டினான். பாய் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "ஏங்கண்ணு, இது கருப்பி கிட்ட நிக்குமா?" என்றார். எனக்கு ஆச்சரியம். பையன் போனதும் என்னிடம் திரும்பி, "வெளியாளுகிட்ட விட்டுக் கொடுக்கக் கூடாதுல்லீங்க. நம்ம ரெண்டு பேருக்குள்ள செங்கல்தான்" என்றார்.

ஆனால் எல்லா நாளும் சிரிப்பில் முடியாது. "உங்களுது உடைஞ்ச குதிரைங்க" என்பார். "பெரிய குதிரை உடையாது. உடைஞ்சாலும் ஜெயிச்சிட்டு வந்துதான் உடையும்." தரையில் பள்ளம் இருந்தது என்பேன். ஜாக்கி சவுக்கை ஓங்கினான் என்பேன். இரண்டும் பொய். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஏலக்காய் டப்பாவை மூடியபடி, ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தையைச் சொல்வார். "வேற காரணம் ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க." சொல்ல ஒரே ஒரு காரணம் இருந்தது. அதைச் சொன்னால் கருப்பி உடைஞ்ச குதிரை இல்லை என்று ஆகிவிடும். அத்தனை வருஷமும் என் குதிரையைத் திட்டக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என் பெயர் கெடக் கூடாது என்று. செத்த பிறகும் என் பழியைச் சுமக்க அவளைத்தான் நிற்க வைத்தேன்.

போன அறுவடைக்குப் பாய் வந்தார். மூச்சு வாங்கியது. மலைக் குளிர் ஆகாது என்று மகன் அவரைச் சேலத்து வீட்டுக்கே அனுப்பப் போவதாகச் சொன்னார். சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார். இரண்டு செடி பறித்தார். பிறகு கூடையைக் கீழே வைத்தார்.

"கருப்பிதானுங்க பெரிய குதிரை. ஒத்துக்கறேன்."

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. "போற நேரத்துல பிச்சை போடறீங்களா பாய்?" என்றேன்.

"பிச்சை இல்லீங்க." வாளியைப் பார்த்தார். பார்த்தது, எனக்குத் தெரிந்து, அதுதான் முதல் தரம். "அன்னிக்கு விடியக்காலம் அதுலதான் ஐஸ் கொண்டு போனீங்க. பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"பார்த்துட்டு, செங்கலுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தேன்."

ஐஸ் எதற்கு என்று லாயத்தில் பிறந்த பூனைக்குக்கூடத் தெரியும். பாய்க்குத் தெரியாதா? டாக்டர் அவர் அறையைத் தாண்டித்தான் போனார். ஒரு வார்த்தை போதும். "சொல்லியிருந்தா அவ இருந்திருப்பாளுங்க பாய். ஒரு வார்த்தைங்க" என்றேன்.

"நீங்க சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். "எனக்கும் அன்னிக்கு முடிவு தெரிஞ்சாகணும்னு இருந்துச்சு. ஓடட்டும்னு நெனச்சேன். அப்புறம் நீங்களா சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தேன்."

வாளியை உதைத்தேன். பழம் சரிவில் சிதறியது. "எறங்கிப் போங்க பாய்" என்றேன். அவர் குனிந்து, இளைத்துக்கொண்டே, பழத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் துண்டில் போட்டார். துண்டைக் கூடையில் கொட்டினார். அப்போதும் வாளியைத் தொடவில்லை. பஸ்ஸுக்குத் தனியாக நடந்து போனார். நான் பின்னால் போகவில்லை.

ஒரு வருஷம் பேசவில்லை. பாயின் மகன் போன் செய்வான், "அத்தா உங்களைக் கேக்கறாருங்க மாமா" என்பான். "சரி கண்ணு" என்று வைத்துவிடுவேன்.

இந்த வருஷம் அறுவடை தொடங்குகிற அன்று வாளியை எடுத்தேன். பறிக்க முடியவில்லை. எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ஏற்காட்டில் கடைக்குப் போனேன். வெளியூர்க் குடும்பம் ஒன்று மிளகு வாங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா படத்தைக் காட்டி, எந்தக் குதிரை என்று கேட்டார். இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிற மகன், "இதுதாங்க இருந்ததுலயே பெரிய குதிரை. எங்கத்தா வளர்த்தது" என்றான். அவன் கேட்டு வளர்ந்தது அதுதான்.

"அந்த ரேஸ் செல்லாது" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். "பின்னால ஒண்ணுமில்லைன்னு தெரியுதுல்ல? அங்க ஒரு குதிரை இருந்துச்சு. முன்னால போயிருக்கும். காலையில அதுக்குக் கால்ல சூடு. நான் ஐஸ் வச்சு மறைச்சேன். உங்கத்தா பார்த்துட்டுச் சும்மா இருந்தாரு. அது உடையலை. நாங்க உடைச்சோம்."

மிளகு வாங்க வந்தவர்கள் சில்லறையைக்கூட வாங்காமல் போய்விட்டார்கள். மகன் போனை எடுத்து, சேலத்துக்குப் போட்டு, நடந்ததைச் சொல்லி, சத்தம் வெளியே கேட்கிற மாதிரி மேசையில் வைத்தான்.

"சொல்லிட்டாருங்களா?" என்றது பாய் குரல், இளைப்போடு. "எல்லார் முன்னாலயுமா?"

"ஆமாங்கத்தா."

"அப்ப நான் போன வருஷம் ஒத்துக்கிட்டதைத் திருப்பி எடுத்துக்கறேன். மூணாவது ரேஸ் செல்லாது. ஆளுக்கு ஒண்ணு. ஏனுங்க மலைக்காரரே, இருக்கீங்களா? இனி நாயமாப் பேசலாமுங்க. நான் செங்கலுங்கறேன்."

அவர் சிரிக்கிறார் என்று தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குப் பேச்சு திரும்பக் கிடைத்துவிட்டது. எனக்கு என்ன திரும்பக் கிடைக்கும்? "கருப்பி" என்று ஒரு வார்த்தை சொன்னேன். கிளம்பினேன்.

இப்போது பிளாஸ்டிக் வாளியில் பறிக்கிறேன். கையில் கனமே இல்லை. தகர வாளியை அந்தப் படத்துக்கு நேர் கீழே, கல்லாவுக்குப் போகிற வழியில் வைத்துவிட்டு வந்தேன். அதைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. மகன் நகர்த்தப் போனான். "விடு கண்ணு" என்றேன். "வெயில் காலத்துல உங்கத்தா மலைக்கு வருவாருல்ல, அவர் எடுத்து வைக்கட்டும்."

அங்கேதான் இருக்கிறது.