கங்கு என்று ஒரு கோள்

போட்டியின் விதி எளிமையானது. நாட்டில் வசிக்கும் யாரும் கலந்துகொள்ளலாம். இணையத்தில் இருக்கும் படிவத்தை நேரடியாக நிரப்பி அனுப்பினால் போதும். யாருடைய பரிந்துரையும் தேவையில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் நிர்வாக அலுவலகத்தில் விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். அதைப் படித்ததும் எனக்கு வந்தது சந்தேகம்தான். ஒருவருடைய கையெழுத்தும் வேண்டாத விண்ணப்பத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

அந்தச் செய்தியைப் பத்திரிகையிலிருந்து கிழித்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தவர், எங்கள் அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்த ஒப்பந்தத் தொழிலாளி. வளையமாதேவிப் பக்கத்துக்காரர். எங்களுக்கெல்லாம் பாய்லர்காரர். எனக்கு ஓய்வு பெற ஆறு மாதம் இருந்த நேரம் அது. மாலையில் கேண்டீனுக்கு வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். தாளை என் கையில் கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம், வெறும் கண்ணுக்கு எட்டாத தூரத்தில். அதை உரசிவிடுவதுபோல் சுற்றிவரும் ஒரு பெரிய கோள். இரண்டு நாளும் சில மணி நேரமும் போனால் அதற்கு ஒரு வருஷம் முடிந்துவிடும். இரண்டுக்கும் பட்டியல் எண்தான் உண்டு. பெயர் சொல்லுங்கள் என்று பொதுமக்களைக் கேட்டிருந்தார்கள்.

"ரெண்டு நாளைக்கு ஒரு வருஷம்னா, அங்க பொறந்தவன் நாலு மாசத்துல ரிட்டயர்டு ஆயிடுவான் போலக்கிதே சார்."

"நீ அங்கே பொறந்திருந்தாலும் கான்ட்ராக்ட்தான்யா."

"அதுவும் சரிதாங்க" என்று சிரித்தார். பிறகு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அவர் அதுவரை என்னிடம் பேசியிராத ஒரு குரலில் சொன்னார்: "எம் புள்ளைங்களுக்குப் பேரு வெச்சது மாமனாரு. வூட்டு நாய்க்கு வெச்சது எம் பொண்டாட்டி. நான் வெச்ச பேருன்னு இந்த ஒலகத்துல ஒரு ஆட்டுக்குட்டி கூட இல்லீங்க. இது ஒண்ணாவது இருக்கட்டுமே."

பெயரை முன்னமே முடிவு செய்திருந்தார். கங்கு. ஏன் என்று கேட்டேன். வாயால் சொல்லாமல், மறுநாள் என்னைக் கொதிகலன் தளத்துக்கே அழைத்துப் போனார். சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பார்வைத் துளை. கைப்பிடி போட்ட நீலக் கண்ணாடி ஒன்றை என் கண்ணருகே பிடித்தார். அத்தனை ஆண்டுகள் அந்த மின்சாரத்தில் விசிறி சுற்றவிட்டுக் கோப்பு பார்த்தவன், அந்த நெருப்பை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அடுப்பு போல ஒன்றை எதிர்பார்த்திருந்தேன். உள்ளே மேல் கீழ் என்று எதுவும் இல்லை. நீலத்துக்குள் மெதுவாக அலையும் ஒரு வெளிச்சம். அதில் நிலக்கரித் துகள்கள் மிதந்து வந்து, ஒரு கணம் தனித்தனியாக மினுங்கி, பிறகு வெளிச்சத்தோடு கலந்துவிட்டன. சுற்றிலும் இருந்த இயந்திர இரைச்சல் எனக்குக் கேட்காமல் போயிற்று. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. காதருகில் அவர் கத்திச் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது: "அந்தக் கோளும் இப்பிடித்தான் சார் இருக்கும். எரிஞ்சி முடிஞ்சதும் கெடையாது, எரியப் போறதும் கெடையாது. எரிஞ்சிகினே இருக்கறது."

"பிரௌசிங் சென்டர்ல பத்து நிமிஷத்துல அனுப்பிடலாம்னு சொல்றாங்க சார்" என்றார், படியிறங்கும்போது.

"நேரா அனுப்பினா குப்பைக்குத்தான்யா போகும். த்ரூ ப்ராப்பர் சேனல் போடுவோம். கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருக்குது."

அவருடைய கேட் பாஸ் ஒருமுறை எங்கோ சிக்கியபோது மீட்டுக் கொடுத்தவன் நான். அதனால் நம்பினார். விண்ணப்பத்தை நானே எழுதினேன், மூன்று பிரதிகள். பொருள்: சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள கோள் ஒன்றுக்குப் பெயர் முன்மொழிய அனுமதி கோருதல். மேஸ்திரி கையெழுத்திட்டார். சூப்பர்வைசர் இரண்டு வாரம் வைத்திருந்து கையெழுத்திட்டார். கொதிகலன் பொறியாளர் படிக்காமலே கையெழுத்திட்டார். கடைசியில் அது என் மேசைக்கு வந்தது. போட்டி முடிய இன்னும் எட்டு நாள் இருந்தது. நான் செய்ய வேண்டியிருந்தது, அதை எடுத்துக்கொண்டு பிரௌசிங் சென்டருக்கு நடப்பது மட்டுமே. பேனாவைத் திறந்தேன். கை தன் பழக்கப்படி எழுதிற்று: 'ஒப்பந்ததாரரின் தடையின்மைச் சான்று இணைக்கப்படவில்லை. பெற்று இணைக்கவும்.' கீழே என் சுருக்கொப்பம். எழுதும்போது உறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல குறிப்பு எழுதிய திருப்திகூட இருந்தது.

எட்டு நாள் போனது. அதன் பின் இரண்டு மாதமும் போனது.

"முடிஞ்சிபூட்ச்சிங்களா சார்?" என்று அதே கேண்டீன் வாசலில் கேட்டார். யாருடைய குறிப்பால் நின்றது என்பதை நான் சொன்னேன். குளிர்விப்புக் கோபுரங்களின் ஆவிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "வுடுங்க. இந்த ரெண்டு மாசத்துல அதுக்கு முப்பது வயசு ஏறியிருக்கும். இனிமே பேரு வெச்சிக் கூப்ட்டா திரும்பியா பார்க்கப் போவுது" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது நான் டவுன்ஷிப்புக்கு வெளியே சொந்த வீட்டில் இருக்கிறேன். அவர் இன்னும் பாய்லர் பக்கம்தான், இன்னும் கான்ட்ராக்ட்தான். கடைத்தெருவில் பார்த்தால், ஊரில் விட்டு வந்த உறவை விசாரிப்பதுபோல், "சார், கங்கு எப்பிடி இருக்குது?" என்பார். "நல்லா இருக்குதுய்யா" என்பேன். அந்தக் கோள் எப்போதும் தன் ஒரு முகத்தை மட்டுமே நட்சத்திரத்துக்குக் காட்டிக்கொண்டிருக்கும் என்கிறார்கள். அந்தப் பக்கம் சாயங்காலமே வராது, ஷிஃப்ட் மாறாது. மாலையில் மொட்டைமாடியில் உட்கார்ந்தால் எனக்கு அந்த முடியாத பகல் நினைவுக்கு வந்துவிடுகிறது. எங்களூர்ப் புகைக்குப் பின்னால், திசை தெரியாத ஓர் இடத்தில், எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த பெயரோடு அது சுற்றிக்கொண்டிருக்கிறது.

உலகம் அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே பத்திரிகையில் வந்தது, நல்ல பெயர்தான். அதற்குச் சில நாள் கழித்து, நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரத் தபாலில், ஒப்பந்ததாரரின் கடிதம் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. மேற்படி கோளுக்கு மேற்படி தொழிலாளி பெயர் சூட்டுவதில் தங்களுக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை என்று எழுதியிருந்தார். கையெழுத்து, முத்திரை, பார்வை எண் எல்லாம் இருந்தன. குறை காண முயன்று பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. பெற்றுக்கொண்ட நாள் என்ற இடத்தை நானே நிரப்பினேன்: 23.12.2019.