முதலில் வாயில் வந்தது

கட்டட வேலை நடக்கும் இடத்தில் அவனுக்கு ‘உச்சி’ என்று பெயர். தரையிலிருந்து அறுபது மீட்டர் உயரத்தில், ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து கிரேன் ஓட்டுகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? காலை ஏழு மணிக்கு ஏணியில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவான். பலமாகக் காற்று வீசினால் கூண்டு ஆடும். அதற்கெல்லாம் அவன் அசரமாட்டான். “விழுந்தா மூணு செகண்டு. பயப்படக்கூட நேரம் பத்தாது” என்பான்.

அவன் பயந்தது வேறொன்றுக்கு. அவன் பிறந்த அன்றே அவனுடைய அம்மா இறந்துவிட்டாள். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் வருடா வருடம் அந்தத் தேதியில் விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பிப் போய், மகன் தூங்கிய பிறகுதான் திரும்பி வருவார். யாரும் சொல்லித்தராமலே பையனுக்குப் புரிந்துவிட்டது, தான் வந்த வழியில்தான் அம்மா போனாள் என்று.

மனைவி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் தும்மினால் எழுந்து நிற்பான். இருமினால் செருப்பைத் தேடுவான். அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். எழுத்துப் பிழையைப் போலவே ஆட்களின் பிழையையும் விடமாட்டாள். “பிள்ளை என் வயித்துலதான இருக்கு? உங்க மூஞ்சியைப் பார்த்தா உங்களுக்குத்தான் பத்து மாசம் மாதிரி இருக்கு” என்று கிண்டல் செய்வாள்.

பிரசவத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தபோது, ஒரு நாள் காலையில் இடுப்பு வலிக்கிறது என்றாள். அவன் உடனே சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

“என்ன, வேலைக்குப் போகலையா?”

“லீவு சொல்லிடறேன்.”

“இடுப்பு வலிக்கெல்லாம் லீவு போட்டா, நாட்டுல ஒரு கட்டடம் எழும்பாது. கிளம்புங்க. அம்மாதான் கூட இருக்காங்கல்ல.”

பிரசவத்துக்காக வந்து தங்கியிருந்த அத்தையும் தலையசைத்தார். அவன் கிளம்பினான்.

பதினோரு மணிக்கு ஒன்பதாவது மாடிக்குக் கம்பிக் கட்டைத் தூக்கிக்கொண்டிருந்தான். கீழே நின்று வாக்கி டாக்கியில் வழி சொல்கிறவனை எல்லோரும் ‘விசில்’ என்பார்கள். வாயைத் திறந்தால் நக்கல்தான். அன்றைக்கு அவன் குரல் மாறியிருந்தது.

“உச்சி, கட்டை மெதுவா இறக்கு. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். ஆங், வெச்சாச்சு. கொக்கியக் கழட்டிட்டாங்க. இப்ப நீ இறங்கி வா.”

“எதுக்குடா?”

“வாப்பா.”

நக்கல் இல்லாத விசிலை அவன் அதுவரை கேட்டதே இல்லை. அந்த “வாப்பா” நெஞ்சில் இடியாக விழுந்தது. ஏணியில் எப்படி இறங்கினான் என்று பிறகு அவனுக்கே ஞாபகமில்லை. உள்ளங்கை வேர்த்து இரும்பில் வழுக்கியது மட்டும் நினைவிருந்தது. கூண்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. அதனால் அவனுடைய போன் விசிலிடம்தான் இருக்கும். அத்தை அதில்தான் கூப்பிட்டிருந்தார். ரத்தம் போகிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்று சொன்னாராம். பாரம் அந்தரத்தில் தொங்கும்போது சொன்னால் கை நடுங்கும் என்று, அது இறங்கும்வரை விசில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான்.

ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி வராந்தாவில் அத்தை தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் சேலையின் முன்பக்கம் முழுக்க ரத்தம். அது தன் மகளின் ரத்தம் என்பதே மறந்துபோனவர்போல் அதை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

“அத்தை, எங்க அவ?”

அவர் பச்சைக் கதவைக் காட்டினார்.

கதவு திறந்து டாக்டரம்மா வந்தார். “நீங்கதான் புருஷனா? நஞ்சுக்கொடி முன்னாடியே பிரிஞ்சிடுச்சு. உள்ள ரத்தம் நிக்கல. உடனே ஆபரேஷன் பண்ணணும். இதுல கையெழுத்துப் போடுங்க.”

அவன் பேனாவை வாங்கவில்லை. “அவளைக் காப்பாத்துங்க” என்றான். “குழந்தை போனாலும் பரவாயில்ல. எனக்கு அவ போதும்.”

டாக்டரம்மா அவனை ஒரு மாதிரி பார்த்தார். “ஒருத்தரத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நான் கேக்கலையே. ரெண்டு பேருக்கும்தான் கையெழுத்து. போடுங்க, நேரமில்ல.”

போட்டான். அது அவன் கையெழுத்துப் போலவே இல்லை. கதவு மூடியது.

உட்கார முடியவில்லை. நடந்தான். அடிக்கு அடி இடுப்பில் ஏதோ ‘கிளிங் கிளிங்’ என்று மோதியது. ஒரு நர்ஸ் வந்து, “அண்ணே, அந்தத் தொப்பியையும் பெல்டையும் கழட்டி வைங்க, சத்தம் உள்ள கேக்குது” என்றாள். அப்போதுதான் ஹெல்மெட்டோடும் பாதுகாப்பு பெல்டோடும் ஓடிவந்திருப்பது தெரிந்தது. பக்கிளைத் திறக்கத் தெரியாமல் விரல் தடுமாறியது. தினமும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுகிற பக்கிள்.

இருபது நிமிடம் கழித்து கதவு படாரென்று திறந்தது. பச்சைத் துணியில் எதையோ அணைத்துக்கொண்டு ஒரு நர்ஸ் ஓடினாள். அவனைத் தாண்டித்தான் ஓடினாள். துணிக்கு வெளியே ஒரு பாதம் தெரிந்தது. கட்டைவிரல் அளவு, சாம்பல் நிறம். அழுகை இல்லை. அவன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். எதிர்க்கோடியில் இருந்த அறைக்குள் அவள் நுழைந்தாள். அப்போதும் அழுகை இல்லை.

‘பரவாயில்ல’ என்று சொன்னோமே, அது கேட்டுவிட்டதோ என்று நினைத்தான். யாருக்குக் கேட்டிருக்கும் என்றெல்லாம் அவன் யோசிக்கவில்லை. கேட்டுவிட்டது என்று மட்டும் தோன்றியது. சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான்.

எவ்வளவு நேரமென்று தெரியாது. மூன்று நிமிடம்தான் என்று பிறகு சொன்னார்கள். பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்தது. அத்தைதான் முதலில் எழுந்தார். “கத்துது! தம்பி, கத்துது!” நர்ஸ் தலையை நீட்டி, “பொண்ணு. மூச்சு விட ஆரம்பிச்சிட்டா. ஆனா இப்பப் பார்க்க முடியாது” என்றாள்.

சந்தோஷப்பட அவனுக்குத் தைரியம் வரவில்லை. பச்சைக் கதவு இன்னும் மூடித்தான் இருந்தது. சற்று நேரத்தில் ரத்தம் போதவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அவனுடைய ரத்தம் சேராது. விசிலுக்குப் போன் செய்தான். அரை மணியில் விசிலோடு ஒன்பது பேர், சிமெண்ட் அப்பிய சட்டையோடு, லாரியின் பின்னால் ஏறி வந்து இறங்கினார்கள். நான்கு பேருடையது சேர்ந்தது. விசிலுடையதும் சேர்ந்தது, ஆனால் ஊசியைக் கண்டதும் அவன் பொத்தென்று மயங்கி விழுந்தான். தெளிந்ததும் படுத்தபடியே கையை நீட்டி, “கண்ணைக் கட்டிட்டு எடுத்துக்கங்க” என்றான்.

மூன்றரை மணிக்கு டாக்டரம்மா முகமூடியை இறக்கிவிட்டு வந்தார். “ரத்தம் நின்னிருச்சு. பொழைச்சுக்குவாங்க.”

அவன் வெளியே போய் அப்பாவுக்குப் போன் போட்டான். அவர் தூரத்து ஊரில் தன் அக்கா வீட்டில் இருந்தார். “அப்பா, குழந்தை பொறந்திருச்சு” என்று ஆரம்பித்தான். அந்தப் பக்கத்திலிருந்து ஒரே வார்த்தை: “அவ?”

“நல்லா இருக்காப்பா.”

அவன் அப்பா அழுது அவன் கேட்டது அதுதான் முதல் தடவை.

குழந்தை ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். பிறகு எல்லோரும் வீடு வந்தார்கள். அவன் வேலைக்கும் போக ஆரம்பித்தான். வீட்டுக்கு வந்தால் துணி துவைப்பான், வெந்நீர் வைப்பான், கடைக்கு ஓடுவான். குழந்தையை மட்டும் தூக்கமாட்டான். கேட்டால், “கை அழுக்கு” என்பான்.

ஆறு வாரம் மனைவி பொறுத்துப் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அத்தை கடைக்குப் போயிருந்த நேரத்தில், நேராகவே கேட்டாள்.

“அது முகத்தை நீங்க ஏன் பார்க்க மாட்டேங்கிறீங்க?”

முதலில் மழுப்பினான். அவள் விடவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். பச்சைக் கதவு, பேனா, ‘குழந்தை போனாலும் பரவாயில்ல’. “யாரும் கேக்கல. நானாத்தான் சொன்னேன். உள்ள அது மூச்சுக்குத் தவிச்சிட்டு இருக்கு, நான் வெளிய நின்னு வேண்டாம்னு சொல்லியிருக்கேன்.”

அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கோபமா அழுகையா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற அதே பயம் திரும்பி வந்தது.

“என்னைக் கேட்டிருந்தா குழந்தையத்தான் சொல்லியிருப்பேன்” என்றாள் கடைசியில். “உங்கள நெனச்சே பார்த்திருக்க மாட்டேன். அப்ப நானும் தப்புதானே?”

அவன் நிமிர்ந்தான்.

“இந்தாங்க, பிடிங்க. ஆறு வாரமா எனக்குக் கை கடுக்குது. நான் நிம்மதியா ஒரு குளியல் போடணும்.”

கேட்கவில்லை, மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மரக்கட்டையாக உட்கார்ந்திருந்தான். குழந்தை கண்ணைத் திறந்தாள். நெற்றியைச் சுருக்கி, ‘யார் நீ’ என்பதுபோல அவனையே முறைத்தாள். அவனும் பார்த்தான்.

குளியலறையிலிருந்து தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே மனைவியின் குரல் வந்தது. “என்ன, சத்தத்தையே காணோம்?”

“ஒண்ணுமில்ல” என்றான். “பார்த்துக்கிட்டு இருக்கோம்.”