பங்களா பாய்லரின் முனகல்

மலாயாவின் ரெங்கத்தை அடுத்த ரப்பர் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய பங்களாவில் ஜப்பான் ராணுவ அதிகாரி ஒருவர் குடியேறினார். அவருக்கு உலகத்தில் இரண்டே ஆசைகள்: போரில் ஜெயிப்பது, கழுத்து வரை வெந்நீரில் மூழ்கிக் கிடப்பது. முதலாவது சிப்பாய்கள் பொறுப்பு. இரண்டாவது வாலண்டைன் பொறுப்பு.

பங்களாவின் பின்பக்கம் நின்ற இரும்புப் பாய்லருக்கு விறகு போட்டு, குளியலறைக்கு வெந்நீர் அனுப்புவது துரை காலத்திலிருந்தே வாலண்டைனின் வேலை. அவர் காது அப்படிப்பட்ட காது. பால்மரக் குச்சி ஒன்றின் ஒரு முனையை இரும்பில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்தால், முந்தின ராத்திரி பாய்லர் என்ன கனவு கண்டது என்றுகூடச் சொல்லிவிடுவார். இதில் பாதியைக் கழித்துவிட்டாலும் மீதி உண்மைதான்.

அந்தக் காதுக்குத்தான் சோதனை வந்தது. தண்ணீர் சூடேறியதும் பாய்லர் டொக், டொக் என்று இடிக்கத் தொடங்கியது. பிறகு கன்று ஈனும் எருமை மாதிரி ஒரு முனகல். குளுவாங் மலைக் குரங்குகள் அதற்குப் பதில் முனகின. அதிகாரிக்கோ, யாரோ குழாயைத் தட்டி எதிரிக்குச் சேதி அனுப்புவதாகத் தோன்றியது.

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சதாசிவம் நாலு ஜப்பான் வார்த்தை கற்றுக்கொண்டு மொழிபெயர்ப்பாளராகியிருந்தார். தீர்ப்பைக் கொண்டுவந்தவர் அவர்தான்.

"ஞாயித்துக்கிழமைக் குளியலுக்குள்ள சத்தம் நிக்கணுமாம். இல்லேன்னா உன்னைச் சயாமுக்கு ஏத்திருவாராம்."

"பாய்லருக்கு வயசாயிருச்சுன்னு சொல்லிப் பாருங்களேன், ஐயா."

"சொன்னேன்லா. அப்ப ரெண்டு பேரையும் சேர்த்து ஏத்துறேன்னாரு."

ஜப்பான்காரர்கள் போட்டுக்கொண்டிருந்த சயாம் ரயில்பாதை வேலைக்குப் போனவர்களில் ஒருவரும் அதுவரை தொழிலாளர் லயத்துக்குத் திரும்பவில்லை. வாலண்டைனின் மனைவி பியாட்ரிஸ் முழுகாமல் இருந்தாள். மரவள்ளிக்கிழங்கைத் தின்றே அங்கே இரண்டு உயிர் ஓடிக்கொண்டிருந்தது. அவரும் போய்விட்டால் அந்தக் கிழங்கும் இல்லை.

சாம்பலை அள்ளிக் கொட்டினார். ஆடிய குழாய்களுக்கு முட்டுக் கொடுத்தார். பாய்லரின் வயிற்றைக் காலிசெய்து, உள்ளே படிந்திருந்த காரையைச் சுரண்டினார். தீ மூட்டினார். டொக், டொக். சனிக்கிழமை காலை, குச்சியைக் குழாய் நெடுகிலும் வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். பாய்லர் மேல் குற்றமில்லை. தண்ணீர்த் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் அடைத்திருந்தது. தண்ணீர் போதாமல்தான் பாய்லர் அடித்துக்கொண்டது. இப்படியே விட்டால் வெடித்துவிடும்.

குழாய் மூட்டைக் கழற்றினார். அழுகல் நாற்றம் அடித்தது. விரலில் ஒட்டிய வெள்ளைப் பிசின் இழுக்க இழுக்க நீண்டது. புகைபோட்டுப் பதப்படுத்தாத ரப்பர். பங்களாத் தண்ணீரில் ரப்பருக்கு என்ன வேலை?

வீட்டில் அதைக் காட்டியதும் பியாட்ரிஸ் முந்தானையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"என்னங்க, அந்தத் தொட்டியில ஏறிடாதீங்க. எங்க தாலியெல்லாம் அதுலதான் கிடக்கு."

"மண்ணுல புதைச்சேன்னு சொன்ன?"

"ரெண்டு அறை விட்டா ஆம்பளைங்க உளறிடுவீங்க. அதான்."

பங்களா பூட்டிக் கிடந்தபோது நடந்த காரியம் அது. சிப்பாய்கள் கழுத்தில் கை வைப்பார்கள் என்று பயந்து, லயத்துப் பெண்கள் தாலிகளைக் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டார்கள். மாதா கோயில்காரிகள் செபமாலையையும் மற்றவர்கள் மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றையும் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். தண்ணீர் புகாமலிருக்க டின்னை ரப்பர் பாலில் முக்கி முக்கிக் காயவைத்து, கல்லைக் கட்டித் தொட்டியில் இறக்கினார்கள். பால் வெட்டுகிறவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? பாய்லரின் சூடு குழாய் வழியே தொட்டிக்கு ஏறி, அந்தப் பாலை அழுகவைத்துத் தோலாக உரிக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

"புகையாவது போட்டிருக்கலாம்ல?"

"தாலியைப் புகைவீட்டுல தொங்கவிடச் சொல்றீங்களா?"

ஞாயிறு காலை வாலண்டைன் கிராணியிடம் போனார். "தொட்டியில உடும்பு செத்துக் கிடக்குன்னு சொல்லுங்க, ஐயா."

"அலமாக். அவரு குளிக்கிற தண்ணிடா அது."

சொன்னார். அதிகாரி இருவரையும் அறைந்தார். வாலண்டைன் வீங்கிய கன்னத்தோடு தொட்டியில் ஏறி, கறுத்துக் கொழகொழத்த உருண்டையைக் கல்லோடு சாக்கில் அள்ளிக்கொண்டு இறங்கினார். அதிகாரி வாளை நீட்டினார். திறந்து காட்டு.

உருண்டைக்குள் டின் லேசாகக் கலகலத்தது. வாலண்டைன் மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே சாக்கின் வாயை அதிகாரியின் மூக்குக்கு நேராக விரித்தார். குடல் மாதிரி ஒரு பிசின் வழிந்து அவர் பூட்ஸில் விழுந்தது. மலாயாவில் ஜப்பான் ராணுவம் பின்வாங்கியது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் பாய்லர் மூச்சுக் காட்டவில்லை. அதிகாரி ஏதோ பாட்டு முனகியபடி ஊறிக் கிடந்தார். ரப்பர் மரங்களுக்கு நடுவே பால்கத்தியால் டின்னைக் கிழித்துப் பெண்கள் அவரவர் தாலியை எடுத்துக்கொண்டார்கள். பியாட்ரிஸுக்கு வாலண்டைனே கட்டினார்.

மறுநாள் சதாசிவம் வந்தார். தரையைப் பார்த்தே பேசினார்.

"ஜப்பான் துரைக்கு ரொம்பத் திருப்தி, வாலண்டைன்."

"சந்தோஷம், ஐயா."

"சயாமுல ரயில் எஞ்சினெல்லாம் கோளாறு பண்ணுதாம். இப்படி ஒரு காது அங்கதான் வேணுமாம்."

ரெங்கம் ஸ்டேஷனில், குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாலண்டைன் சரக்குப் பெட்டியில் ஏறினார். பியாட்ரிஸ் தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டு எஞ்சினையே கவனித்தாள். நீயும் இடி, ஒரு தடவை இடித்து நின்றுவிடு என்று அவள் உதடு அசைந்தது. எஞ்சின் ஒரு சின்ன டொக் கூட இல்லாமல், சீராக மூச்சு விட்டபடி வடக்கே போயிற்று.