ஆமென் இல்லாத பாட்டு

ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு நிம்மதி கெட்டு வீட்டுக்குப் போனது உங்களுக்குக் கடைசியாக எப்போது? நினைவுக்கு வரவில்லை என்றால், இத்தனை காலமும் உங்களைத் தூங்கவைக்கத்தான் பாடியிருக்கிறார்கள். அழுகைப் பாட்டு கடைசி அடியில் ஆறுதலாகிவிடும். கோபப் பாட்டு கைத்தட்டலில் கரைந்துவிடும். கேட்டவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். பாறசாலைப் பெண் ஒருவர் அப்படி முடியாத பாட்டு ஒன்றைச் செய்தார். அதற்கு அவர் கொடுத்த விலை சிறியதல்ல.

பெயர் பிஜி. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாறசாலையில் ஒரு சிறிய மருத்துவமனையின் லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. காலையில் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்களின் நரம்பைத் தேடிப் பிடிப்பார். மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் கீபோர்டை விரித்துவைப்பார். கவிதைகளுக்கு இசை அமைப்பார்.

சினிமா மெட்டு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கச்சேரிக் கீர்த்தனையும் அல்ல. தாளம் தட்ட ஆள் கிடையாது, திரும்பத் திரும்ப வரும் பல்லவி கிடையாது. நான்கைந்து மனிதக் குரல்கள் மட்டும். அந்தக் குரல்கள் சில இடங்களில் ஒன்றோடொன்று உரசும். காது கூசும், பிறகு திறக்கும். மேல்நாடுகளில் இன்றைய செவ்வியல் இசைக்காரர்கள் செய்துபார்க்கும் வேலை இது. பிஜி முதன்முதலில் அதைச் செல்போனில் கேட்டபோது ஸ்பீக்கர் கெட்டுவிட்டதென்று நினைத்தாராம். கணவர் சஜுவின் கருத்து வேறு.

“இது பாட்டா பிள்ளே, வயித்துவலியா?”

“வயித்துவலிக்கும் ஒரு சத்தம் உண்டுல்லா. அதத்தான் எழுதுதேன்.”

பிஜிக்கு இசைப் பள்ளி எதுவும் வாய்க்கவில்லை. வாய்த்தது சபையின் பாட்டுக்குழு. பழைய மிஷன் சபைகளில் சின்னப் பிள்ளைகளைக்கூட டோ, ரே, மீ என்று எழுத்துக்கூட்டிப் பாடவைப்பார்கள். ஒரே பாட்டை நான்கு குரல்கள் நான்கு வழியில் கொண்டுபோகும். அதில் பெண்களின் தாழ்குரலான ஆல்ட்டோ பிஜியுடையது. கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஆமென் பாடுவார்கள். அதற்கு நான்கு குரலும் ஒருசேர ஒலிக்கும் இரண்டு ஸ்வரச் சேர்க்கை. முதலாவது குரல்களைச் சற்றுத் தூக்கி நிறுத்தும். இரண்டாவது பத்திரமாக வீட்டில் இறக்கிவிடும். பிஜிக்குக் கடவுள்மேல் இருந்த நம்பிக்கை எப்போதோ தேய்ந்துபோனது. “பின்ன ஏன் ஞாயித்துக்கிழம போறிய?” என்று கேட்டால், “ஆல்ட்டோ பாட ஆளு வேண்டாமா?” என்பார்.

கவிதை கையில் கிடைத்ததும் அவர் கீபோர்டைத் தொடுவதில்லை. எழுதியவரையே வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்வார். எல்லைப்புறத்துத் தமிழுக்கு ஒரு நெளிவு உண்டு. வாக்கியத்தின் வால் மேலே எழும், மலையாளம் அதை ஒரு பக்கம் இழுக்கும். சென்னையில் கேட்டால் மலையாளம் என்பார்கள், திருவனந்தபுரத்தில் கேட்டால் தமிழ் என்பார்கள், இரண்டு பேரும் கொஞ்சம் சிரிப்பார்கள். இரண்டு தலைநகரங்களும் தங்கள் வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்த பேச்சு அது. பிஜி அந்த நெளிவிலிருந்துதான் ஸ்வரத்தை எடுக்கிறார்.

பாறசாலையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், குளத்தூர் பக்கத்துக் கடற்கரையில் டெல்னா என்று ஓர் இளம்பெண். பி.எட். படித்துவிட்டு டியூஷன் எடுக்கிறாள். ஒரு மழைக்காலத்தில் கடலுக்குப் போன அவளுடைய அப்பா ததேயூஸ் திரும்பவில்லை. அரசுக்காரர்கள் சில நாள் தேடினார்கள், நிறுத்திவிட்டார்கள். அம்மா பவுலா இன்றுவரை நினைவுப் பூசைக்குச் சம்மதிக்கவில்லை. டெல்னா எழுதிய கவிதை நான்கே வரி:

தேடிய கப்பல் திரும்பிவிட்டது.
தேடிய விமானம் திரும்பிவிட்டது.
தேடச் சொன்னவரும் திரும்பிவிட்டார்.
அப்பா, நீ மட்டும் ஏன் பிந்துகிறாய்?

இதற்கு பிஜி பல மாதம் உழைத்தார். நான்கு குரலையும் தாமே பாடி, செல்போனில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, டெல்னாவுக்குப் போட்டுக் காட்டினார். டெல்னா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“அக்கா, நல்லாத்தான் இருக்கு. ஆனா கடைசில எனக்க அப்பன அடக்கம் செஞ்சு போட்டியளே.”

பிஜிக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து கடைசி அடியைக் கீபோர்டில் திரும்ப வாசித்தார். அந்த இரண்டு சேர்க்கை அங்கே உட்கார்ந்திருந்தது. ஆமென் என்ற சொல் இல்லை, ஆமெனின் இசை அப்படியே இருந்தது. கேள்வியாக நின்ற கவிதையை அவர் விரல்கள் தூக்கிக்கொண்டுபோய் வீட்டில் இறக்கிவிட்டிருந்தன. மூளையை விட்டு மதம் போன பிறகும் விரலை விட்டுப் போக நாளாகும் போலிருக்கிறது. பிஜி அன்றைக்கே அந்த இரண்டையும் வெட்டி எறிந்தார். கேள்வி அந்தரத்தில் நின்றது.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. சபைகளின் பாட்டு விழாவில் பாட அந்தப் பாட்டை முன்பே ஏற்றிருந்தார்கள். அறுபது குரல். பிஜி எழுதிய எதையும் அதுவரை ஐந்து பேருக்குமேல் சேர்ந்து பாடியதில்லை. பிஜி திருத்திய பிரதியைப் பாட்டுக்குழுத் தலைவர் செல்லையன் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

“பாதில விட்டுட்டுப் போனது மாதிரி இருக்கே பிஜி. கேக்குதவன் என்ன நெனப்பான்? இவனுவளுக்குப் பாட்டு மறந்து போச்சுண்ணுல்லா நெனப்பான்.”

“பாதில விட்டுட்டுத்தான் போனாவ, சாரே.”

“ஆரு?”

“தேடப் போனவிய.”

செல்லையன் கெட்டவர் அல்ல. அந்த அறுபது பேரையும் சுருதி பிசகாமல் பாடவைப்பவர் அவர்தான். ஆனால் முடிவென்றால் ஆறுதல், ஆறுதலென்றால் ஆமென் என்பதைத் தாண்டி அவரால் ஓர் அடி வைக்க முடியவில்லை.

“கவர்மென்ட்டுட்ட சண்ட போட மைதானம் இருக்கு. இது ஸ்தோத்திரம் பாடுத எடமாக்கும். ரெண்டே ரெண்டு சேர்க்க, போட்டுத் தா. அறுபது பேரு உனக்க பாட்டப் பாடுவாவ. இல்லேண்ணா வேற எடம் பாத்துக்க.”

சஜுவும் அதையே சொன்னார். “போட்டுக் குடேன். ஆருக்குத் தெரியப் போவுது?”

பிஜி அடுத்த ஞாயிறு பாட்டுக்குழுவுக்குப் போவதற்குப் பதில் கடற்கரைக்குப் பஸ் ஏறினார். பவுலா முற்றத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். பிஜி சுற்றிவளைக்காமல் கேட்டுவிட்டார்: “அம்மா, ஆளு இனி வரும்ணு நீங்க நம்புதியளா?”

“எனக்கென்ன கிறுக்கா மக்கா? கடலு எனக்குத் தெரியாதா? செத்தாச்சு.”

“பின்ன பூசைக்கு ஏன் சம்மதிக்கல்ல?”

“பூச முடிஞ்சா எல்லாரும் சாயா குடிச்சிட்டு எழும்பிப் போயிருவாவ. அதுக்கப்புறம் ஆரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. தேடாம விட்டது ஆருண்ணு எனக்குத் தெரியணும்.”

ஊரில் பலர் அந்த அம்மாவைப் பாவம், மனம் பேதலித்தவர் என்கிறார்கள். எழுத்தறிந்த பெரியவர்கள் மூடநம்பிக்கை என்றே சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கரையிலேயே தெளிந்த தலை அவருடையதுதான். கணக்குக் கேட்கிறவளைப் பைத்தியக்காரி ஆக்கிவிட்டால் கணக்குக் காட்ட வேண்டியவர் தப்பித்துக்கொள்வார். இந்த நாட்டில் இது புதிய வித்தை அல்ல.

பிஜி விழாவிலிருந்து பாட்டைத் திரும்பப் பெற்றார். “அறுபது பேரு வேண்டாம் சாரே” என்று மட்டும் செல்லையனிடம் சொன்னார். அதன்பின் பாட்டுக்குழுவில் ஆல்ட்டோவுக்கு வேறு ஆள் வந்துவிட்டது. சின்ன வயது முதல் உட்கார்ந்த இருக்கை அது. இந்த இழப்பைப் பற்றி அவர் யாரிடமும் புலம்பியதாகத் தெரியவில்லை.

குழுவிலிருந்து நான்கு பேர் அவரோடு வந்தார்கள், பாட்டை ஐந்து குரலுக்கு மாற்றினார். அவர்களுக்கும் தொண்டை சபையில் பழகியது. டெனர் என்னும் ஆண் மேல்குரல் பாடும் ஷைஜு கடைசி வரியில் நிற்க மாட்டான், சறுக்கிக்கொண்டே வீட்டு ஸ்வரத்துக்குப் போய்விடுவான்.

“எலே, அங்கேயே நில்லு!”

“நிக்கத்தான் பாக்கேன் அக்கா. கால் வழுக்குது.”

“தொண்டைக்கு ஏதுலே காலு?”

எத்தனை முறை பாடினாலும் வழுக்கியது. கடைசியில் பிஜி ஒரு வழி கண்டார். சேர்ந்து முடிக்க வேண்டாம். கடைசிச் சொல்லை ஒவ்வொருவரும் தம் ஸ்வரத்திலேயே பிடித்துக்கொள்ளட்டும். யாருக்கு எப்போது மூச்சுத் தீர்கிறதோ அப்போது அவர் நிற்கட்டும். யாரும் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. முடிவை இசை எழுதாது, நுரையீரல் எழுதும். பெரிய இசைக்கூடங்களில் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. இங்கே ஷைஜுவின் வழுக்கலுக்கு வைத்தியமாகப் பிறந்தது.

குளத்தூர் பக்கம் ஒரு நூலகத்தின் வாசிப்பறையில் பாடினார்கள். ஃபேன் சத்தம் குரலை மறைக்கும் என்று நிறுத்திவிட்டதால் எல்லாரும் வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் பவுலாவும் டெல்னாவும். பின்னால் கரைக்காரர்கள், மலையாளம் மட்டும் தெரிந்த சில வாசகர்கள், முகத்தைக் கோணலாக வைத்துக்கொண்டு சஜு.

முதல் மூன்று வரிகளிலும் குரல்கள் ஒவ்வொன்றாகக் கரைக்குத் திரும்பின. நான்காவது வரியில் திரும்பவில்லை. ‘பிந்துகிறாய்’ என்ற சொல் ஐந்து உயரங்களில் நின்றது. ஒரு குரல் அறுந்தது. இன்னொன்று. ஷைஜு வழுக்காமல் நின்று தீர்ந்தான். கடைசியாக பிஜியின் குரல் மட்டும் மெலிந்து மெலிந்து, நின்றது எப்போது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

யாரும் கைதட்டவில்லை. எப்போது தட்டுவதென்று தெரியவில்லை. பின்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் “ஆமென்” என்றார்.

பவுலா திரும்பினார். “ஆருலே அது? இன்னும் முடியல்ல.”

டெல்னா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது ஒரு கிழவர் எழுந்து, தேடுதலை நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டார். இன்னொருவர் கடலிலிருந்து திரும்பாத தம் மகன் பெயரைச் சொன்னார். பாட்டுக் கேட்க வந்த கூட்டம் சாயங்காலம்வரை கலையவில்லை. வெளியே வந்து வெற்றிலை மென்ற சஜு மனைவியிடம் சொன்னது இவ்வளவுதான்: “வயித்துவலிதான். ஆனா எல்லாருக்கும் வந்து போச்சே.”

அந்தப் பாட்டு இதுவரை ஒரே ஒருமுறைதான் பாடப்பட்டிருக்கிறது. பெரிய அரங்குகள் எதுவும் கதவைத் திறக்கவில்லை. உங்கள் ஊரில் ஒரு நூலகமோ, பள்ளிக்கூட வகுப்பறையோ, சங்கத்துக் கட்டடமோ இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்துகொடுங்கள். பிஜியையும் அந்த நால்வரையும் அழையுங்கள், டெல்னாவின் பெயரை அறிவிப்பில் முதலில் போடுங்கள். பாடி நின்றதும் நன்றியுரை சொல்லிக் கூட்டத்தைக் கலைத்துவிடாதீர்கள். ததேயூசைத் தேடுவதை யார் நிறுத்தினார்கள் என்று எழுந்து கேளுங்கள், பதில் வரும்வரை உட்காராதீர்கள்.