ஏரிக்கரைப் படியும் மீன் குத்தகையும்

படித்துறை திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு காலையில் போய்ப் பார்த்தால், படிக்குக் குறுக்கே கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் நான் கட்டிய கட்டடங்களைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள் போதாது. மூன்றாம் வகுப்போடு நின்றவன்; மண் சுமந்து, கொத்தனாராகி, கான்ட்ராக்டர் ஆனவன். ஆனாலும் நான் மார்தட்டிச் சொல்லும் வேலை அந்த ஏரிக்கரைதான். ஏரி எங்கள் டவுனுக்கு நடுவில் கிடந்தது. கோயில் பக்கத்துப் படியில் எங்கள் தெருக்காரர்கள் இறங்க முடியாது. மற்ற கரையெல்லாம் சேறும் முள்ளும். எல்லாருக்கும் பொதுவாகப் படி, நடக்கப் பாதை, உட்கார சிமென்ட் பெஞ்சு என்று டெண்டர் விட்டபோது லாபம் பார்க்காமல் எடுத்தேன். நான் பார்த்த மட்டம் இன்றுவரை ஒரு விரல் இறங்கவில்லை.

திறந்ததும் சாயங்காலமெல்லாம் கூட்டம். என் மனைவி தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்தாள்.

"இந்த ஊருலயே பொறந்து, இன்னைக்குத்தாங்க ஏரியில வேல வெட்டி இல்லாம ஒக்காந்திருக்கேன்."

அதற்குப் பிறகுதான் முள். பக்கத்தில் மீன் குத்தகைக்காரரின் காவலாள் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"யாருய்யா அடைக்கச் சொன்னது? நான் கட்டுன படி."

"படி ஒங்களுதுதாங்க. தண்ணி எங்க மொதலாளி ஏலத்துல எடுத்தது. கால் கழுவ வர்றவன் மடியில மீனோட போறான்."

ஓவர்சியரிடம் ஓடினேன்.

"கரை ஒரு பைலு, மீன் ஒரு பைலு மேஸ்திரி. ரெண்டையும் சேத்துப் பாக்க ஆளு இல்ல."

"முள்ள எடுக்கச் சொல்லுங்க சார்."

"மீனால ஆபீசுக்கு வருமானம். ஒங்க பெஞ்சால என்ன வருது, சொல்லுங்க?"

அடுத்த ஏலத்தில் நானே போய் உட்கார்ந்தேன். எனக்கு வலை வீசத் தெரியாது. முள்ளை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். குத்தகை கிடைத்தது. அந்த ஒரு வருஷம் கரை கொள்ளாத ஜனம். மீனையும் விடவில்லை.

"அள்ளுங்கடா, கான்ட்ராக்டர் வூட்டு மீனு, ஏன்னு கேக்காது" என்று என் காதுபடவே சிரித்தார்கள்.

போட்ட பணம் திரும்பவில்லை; மறு ஏலத்தில் நிற்க எனக்குத் தெம்பில்லை. பழையவரே எடுத்தார். இந்தத் தடவை கம்பி வேலி. கல்தூண் ஊன்ற என்னையே கூப்பிட்டு அனுப்பினார், போகவில்லை. வேறொருவன் ஊன்றினான். நானும் என் மனைவியும் ரோட்டில் நின்று பார்த்தோம். என் பெஞ்சுகளில் வலை காய்ந்துகொண்டிருந்தது.

"வாங்க, போவலாம். இது நமக்கு ஆவாது" என்றாள்.

கட்டட வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கரையில் கல் வைப்பதற்கு முன் தண்ணீர் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வரும்வரை கலவை போடாதீர்கள்.