இதழில் வந்த கணித மாணவி

சென்ற மாதம் ஒரு காலை, பக்கத்து வீட்டு மல்லிகா தறி வேலையைப் பாதியில் விட்டுவிட்டு என் வாசலில் வந்து நின்றாள். கூடவே மகள் சரண்யா - முகம் உம்மென்று.

"அக்கா, கொஞ்சம் ஸ்கூல் வரைக்கும் வாங்கக்கா. இவ பிளஸ் ஒன்ல ஹிஸ்டரி குரூப் கேக்கறா. ஹெச்.எம். மேத்ஸ் குரூப்தான்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க."

எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது. சரண்யா பத்தாம் வகுப்புக் கணக்கில் எப்படியோ தேறியதற்குக் குமரக்கோட்டம் முருகனுக்கு நெய்விளக்கு ஏற்றியவள் மல்லிகா. அவளுக்கா மேத்ஸ் குரூப்?

போனோம். தலைமையாசிரியை ஒரு கல்வி இதழைப் பிரித்து எங்கள் பக்கம் திருப்பினார். 'தறியில் பிறக்கும் கணிதம்' என்று தலைப்பு. கீழே சரண்யாவின் படம். பட்டிழைகளை எண்ணி எண்ணியே கணிதத்தில் தேர்ந்த மாணவியாம்!

"ஸ்டேட் முழுக்க டீச்சர்ஸ் படிச்சிருப்பாங்கம்மா. இப்போ இவ ஹிஸ்டரி எடுத்தா நம்ம ஸ்கூலப் பத்தி என்ன நெனப்பாங்க?"

படித்திருப்பார்களா? அலமாரியைப் பார்த்தேன். அதே இதழின் பழைய பிரதிகள் வரிசையாக... பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.

மறுபடி படத்தைப் பார்த்தேன். எங்கள் ஊர்த் தறியில் உட்கார்ந்தால் கால் இரண்டும் கீழே குழிக்குள் இருக்க வேண்டும். சரண்யாவோ பலகை மேல் சம்மணம் போட்டுச் சிரிக்கிறாள்.

"இது என்னடி?"

"பத்திரிகைலேர்ந்து வந்த அக்கா சும்மா உக்காரும்மான்னாங்க ஆன்ட்டி. உக்காந்தேன். தறி இருக்குற வீட்ல கணக்கு நல்லா வருமான்னு கேட்டாங்க. எங்கப்பாவுக்கு வரும்னேன். எழுதிக்கினு போய்ட்டாங்க."

மல்லிகா தலையில் அடித்துக்கொண்டாள். "தறி பக்கமே வராதுக்கா இது. எந்நேரமும் ஃபோனைப் பாத்துக்கினு கெடக்கும்."

தலைமையாசிரியை அசையவில்லை. "அச்சுல வந்துட்டுதேம்மா..."

அதுதான் விஷயம். மார்க் ஷீட் கண்ணெதிரே இருக்கிறது. நம்புவதோ இதழை! அச்சில் வந்துவிட்டால் அதற்கேற்பப் பெண்தான் மாற வேண்டும் போலிருக்கிறது.

கல்வி இதழ்கள் மீது எனக்குப் பகையில்லை. ஆனால் அவற்றில் வருகிற பிள்ளைகள் எல்லாரும் ஏன் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள்? ஒரு பிள்ளைகூடக் கொட்டாவி விடுவதில்லையே... அது எந்த ஊர் வகுப்பறை?

கடைசியில் சரண்யாதான் வாயைத் திறந்தாள். வக்கீலாக வேண்டும் என்பது அவள் ஆசை.

"மிஸ், அதுல என் மேத்ஸ் மார்க் போட்டிருக்குதா?"

தலைமையாசிரியை முன்னும் பின்னும் புரட்டினார். இல்லை.

"அப்போ, நான் மேத்ஸ் குரூப்ல சேந்தப்புறம், இதப் படிச்சவங்க யாராச்சும் ஃபோன் பண்ணி என் மார்க் கேட்டா... நீங்கதானே மிஸ் சொல்லணும்?"

தலைமையாசிரியை இதழை மூடினார். பிறகு விண்ணப்பத்தை இழுத்து ஹிஸ்டரி குரூப் என்று எழுதினார்.

நேற்று, பள்ளிக்குப் புது இதழ் வந்திருக்கிறதென்று சரண்யா கொண்டுவந்து காட்டினாள். 'பட்டு நெசவும் வரலாற்று உணர்வும்' என்று கட்டுரை. பக்கத்தில் சரண்யா.

அதே படம். கால் இன்னும் குழிக்குள் இறங்கவில்லை.