கற்பூரம் அணைத்துப் போட்ட ஓட்டு

இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 171-சி. சொன்னபடி ஓட்டுப் போடாவிட்டால் தெய்வக் குற்றம் வந்து சேரும் என்று வாக்காளரை நம்பவைப்பது தேர்தல் குற்றம். வெள்ளைக்காரன் காலத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். ஆட்சியர் அலுவலகத்துத் தேர்தல் பிரிவில் இருந்தபோது, பயிற்சி வகுப்புகளில் இதை நான் வாசித்துக் காட்டுவேன். எதிரில் இருப்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். அந்தக் குற்றத்தைக் கிட்டத்தில் பார்க்கும் பாக்கியம் ஓய்வு பெற்ற பிறகுதான் வாய்த்தது. கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊராட்சியில், கடந்த உள்ளாட்சித் தேர்தலின்போது.

தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் ஒப்பந்ததாரர். சொந்தமாகப் பொக்லைன் வைத்திருப்பவர். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு நேர் மேலே உள்ள சரிவை வாங்கிப் போட்டு, அதை வெட்டிக் காட்டேஜ் கட்டக் காத்திருந்தார். ஊராட்சி ஆட்சேபித்தால் கட்ட முடியாது. ஆகவே ஊராட்சியே தன் கைக்கு வந்துவிட்டால் நல்லது என்று நினைத்தார். அதில் ஒரு நிர்வாகத் தெளிவு இருந்தது என்பதை நான் மறுக்கமாட்டேன்.

மற்றவர் ஓய்வு பெற்ற தலைமைக் காவலர். ஊருக்கே ஏட்டையா. வேலையில் இருந்த காலம் முழுக்க ஓசி டீ குடிக்காதவர் என்று பெயர். அதனால் சக போலீஸ்காரர்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது. அவர் சொன்ன வாக்குறுதி ஒன்றே ஒன்று: "அந்தச் சரிவுல ஒரு கூடை மண்ணு எடுக்க விடமாட்டேனுங்க." மழைக்காலத்தில் அந்தச் சரிவில் ஊற்று கசியும். வெட்டினால் மண் நிற்காது, லைன் வீடுகளின் மேல்தான் வரும் என்பது அங்கே குடியிருந்த எல்லோருக்கும் தெரியும். லைன் ஓட்டு மொத்தமும் ஏட்டையாவுக்குத்தான் என்று நானும் நம்பினேன். அவருக்குத் தேர்தல் முகவராக இருக்கவும் சம்மதித்தேன்.

வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, எங்கள் வீட்டுத் தோட்டத்தில் களை எடுக்க வரும் அம்மா வாசலிலேயே தயங்கி நின்றார். கீழ் லைனில் குடியிருப்பவர்; சிறுமியாக இலங்கையிலிருந்து கப்பலில் வந்து, இலை பறித்தே ஓய்ந்தவர். அவர் வீட்டுச் சமையலறையின் பின்சுவர் அந்தச் சரிவில் ஒட்டிக்கொண்டுதான் நின்றது.

"சார், ஏட்டையாகிட்டச் சொல்லிருங்க. எங்களை நம்ப வேணாங்க."

மெல்லக் கேட்டதில் விஷயம் வந்தது. முந்தின நாள் மாரியம்மன் கோயில் முன்னால் ஒப்பந்ததாரரின் ஆட்கள் தட்டில் கற்பூரம் ஏற்றினார்களாம். ஒவ்வொருவராகக் கையால் அணைத்து, ஒப்பந்ததாரருக்கே ஓட்டு என்று சத்தியம் செய்தால், ஆளுக்கொரு கம்பளி. மார்கழிக் குளிர். ஓட்டைத் தகரக் கூரைக்கடியில் அந்தக் குளிர் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. என் வீட்டில் கணப்பு இருக்கிறது.

எனக்கு உற்சாகமாகிவிட்டது. எத்தனை வருடம் காத்திருந்த பிரிவு! உட்காரவைத்து விளக்கினேன். அந்தச் சத்தியம் செல்லாது, ஓட்டு ரகசியமானது, யாருக்குப் போட்டார் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது, சட்டமே அவர் பக்கம் இருக்கிறது.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அந்தச் சட்டம் மாரியம்மனுக்குத் தெரியுமாங்க?" என்றார்.

"அம்மா, உங்க ஊடுதான் மண்ணுக்குள்ள போகும்."

"ஊடு போனாப் போகுதுங்க. எம்பேத்திய வெச்சுச் சத்தியம் பண்ணிப்புட்டேன்."

சாயங்காலம் ஏட்டையா வீட்டுக்கு ஓடினேன். கூடவே ஒரு யோசனையும் கொண்டுபோனேன். கோயில் பூசாரி என் பேச்சைத் தட்டமாட்டார். 'கம்பளியைத் திருப்பிக் கொடுத்து, ஒரு எலுமிச்சை மாலை சாத்தினால் சத்தியம் கழிந்துவிடும்' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், லைன் முழுக்கத் திரும்பிவிடும்.

ஏட்டையா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறகு பிளந்துகொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "சார், நாமளும் சாமியத்தானுங்க இழுக்கறோம்? அது உங்க பிரிவுல வராதுங்களா?" என்றார்.

வரும். நூற்றுக்கு நூறு வரும்.

"இத்தன வருசம் ஸ்டேஷன்ல ஒருத்தரையும் பொய்ச் சாட்சி சொல்லச் சொன்னதில்லைங்க. இப்ப எனக்காகச் சத்தியத்த மீறுங்கன்னு அந்தச் சனத்துகிட்டப் போய் நிக்கச் சொல்றீங்களா?"

சரி, புகாராவது கொடுப்போம் என்றேன். அதற்குத் தடை சொல்லவில்லை. ஆனால், "கம்பளி வாங்குனவங்க பேர எழுதாதீங்க. வாங்குனதும் குத்தம்னு நீங்கதான சொன்னீங்க? கொடுத்தவன் வக்கீல் வெச்சுக்குவான். இதுக என்ன பண்ணும்?" என்றார்.

பெயரில்லாத புகாருக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட புகார்களுக்கு நானே எத்தனையோ முறை அந்த மரியாதையைச் செய்திருக்கிறேன். ஆனாலும் பிரிவு, உட்பிரிவு, இடம், நாள் எல்லாம் குறிப்பிட்டு, அன்றிரவே தேர்தல் கட்டுப்பாட்டு அறைக்குப் போனில் சொல்லிவிட்டு, காலையில் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். அன்று மதியமே பறக்கும் படை ஜீப் வந்தது. லைனில் இறங்கி, "யாராச்சும் கம்பளி குடுத்தாங்களா?" என்று சத்தமாகக் கேட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. அதிகாரிகளிடம் சொல்லமாட்டோம் என்பதும் சத்தியத்தில் சேர்த்தியாம். கொடியில் புதுக் கம்பளிகள் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அதிகாரிகள் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

ஏட்டையாவுக்கு டெபாசிட் போயிற்று. ஓட்டு எண்ணும் இடத்தில் நான் முகவர் இருக்கையில் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கள்ள ஓட்டு இல்லை, செல்லாத ஓட்டுகூட அதிகமில்லை. நான் பார்த்ததிலேயே மிக ஒழுங்காக நடந்த தேர்தல் அது. கொடுத்த வாக்கை ஊரே காப்பாற்றியிருந்தது. நேர்மையான வேட்பாளரைத் தோற்கடிக்க நேர்மையான வாக்காளர்கள் இருந்தால் போதும் என்பது எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லாத பாடம்.

தை பிறந்ததும் பொக்லைன் ஏறியது. ஏட்டையா மனு மேல் மனுவாகப் போட்டார். எழுதிக் கொடுத்தது நான். ஒவ்வொன்றும் 'உரிய நடவடிக்கைக்கு' என்று எங்கோ அனுப்பப்பட்டது. மூன்றாவது வருடம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. ஒரு பகல் பொழுதில், பெரியவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போயிருந்த நேரத்தில் சரிவு கீழே வந்தது. கீழ் லைன் இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. 'உயிர்ச்சேதம் ஏதுமில்லை' என்று அறிக்கை போயிருக்கும். அந்த வாக்கியத்தை எழுதும்போது கிடைக்கும் நிம்மதியையும் நான் அறிவேன்.

நாங்கள் ஓட்டுப் போட்ட அதே பள்ளிக்கூடத்தில்தான் அவர்களைத் தங்கவைத்தார்கள். ஏட்டையா சேற்றில் இறங்கிக் கிடைத்த பாத்திரங்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர், "ஏட்டையா, அடுத்த தடவ நில்லுங்க, செயிக்க வெச்சிருவோம்" என்றார். "அடுத்த தடவ ஓட்டுப் போட இங்க யாருய்யா இருப்பீங்க?" என்று அவர் சிரித்தார்.

களை எடுக்க வரும் அம்மா வாக்குச்சாவடி இருந்த அறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். இருவர் மேலும் அந்தக் கம்பளி.

"கப்பல்ல வந்தப்ப எங்கம்மாகிட்ட ஒரு தகரப் பொட்டியாச்சும் இருந்துச்சுங்க" என்றார்.

கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். "ஏட்டையாவுக்கே போட்டிருக்கலாம்னு இப்பத் தோணுதாம்மா?"

பேத்தியின் மேல் கம்பளியை இழுத்துவிட்டார். "இவ நல்லாத்தானுங்க இருக்கா. சத்தியத்தக் காப்பாத்திட்டேன். கம்பளி குடுத்த ஆளச் சொல்லி என்னங்க, அவரு என்ன சத்தியமா பண்ணுனாரு? நாங்கதான பண்ணோம்."

அவரும் செய்தார். பதவியேற்ற அன்று, கடவுளின் பெயரால், அச்சடித்த உறுதிமொழியை வரி பிசகாமல் வாசித்தார். நான் அங்கே நின்று கேட்டேன். அதை அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றும் யாராவது கடவுளின் பெயரால் உறுதி கூறுவதைக் கேட்டால் அந்தக் கம்பளியும் அதற்குள் தூங்கிய குழந்தையும்தான் கண்முன் வருகின்றன. சத்தியம் இந்த நாட்டில் யாரைக் கட்டும், யாரைக் கட்டாது என்பதை நான் படித்த எந்த விதியும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

தேயிலைத் தோட்ட நிர்வாகம் வேறு வீடு தரவில்லை. அந்த அம்மா மகனோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போவதாக முடிவாயிற்று. பஸ் நிறுத்தத்தில் ஏட்டையா மூட்டையைத் தூக்கிக் கொடுத்தார். மேட்டுப்பாளையம் பஸ் வளைவில் மறைந்ததும் வீட்டுக்கு வந்தேன். கேட்டில் ஒரு பழுப்பு உறை செருகியிருந்தது. கம்பளி குறித்த என் புகார் 'தக்க விசாரணைக்காக ஊராட்சித் தலைவருக்கு அனுப்பிவைக்கப்பட்டுள்ளது' என்று எழுதியிருந்தது. பதில் கிடைத்த தேதியை உறையின் மேல் குறித்து வைப்பது என் பழக்கம். பேனாவை எடுத்து, அவர்கள் பஸ் ஏறிய அன்றைய தேதியை எழுதினேன்.